சுரண்டப்பட்ட பெயர்

இத்தாலி தேசத்தில் பிளாரன்ஸ் என்று ஓர் அழகான நகரம் இருக்கிறது. அங்கே லாரன்சியன் நூல் நிலையம் என்பது பழம்பெரும் புத்தகசாலை. அதிலுள்ள பொக்கிஷங்களில் ஒன்று, கையால் எழுதப்பட்ட ஒரு லத்தீன் பைபிள். உயரம் அரை மீட்டர். எடை சுமார் 34 கிலோ. ஓர் ஆள் சுலபமாகத் தூக்கிவிட முடியாது. மொத்தம் 1,030 ஏடுகள்; அதாவது 2,060 பக்கங்கள். அத்தனையும் தோலைப் பதப்படுத்திச் செய்தவை.

பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடும் ஒரே புத்தகத்தில் முழுமையாக அமைந்த லத்தீன் பைபிள்களில், இன்று உலகில் இருப்பவற்றுள் மிகப் பழையது இதுதான். இதற்கு வயது 1,300 வருஷத்துக்கு மேல். 'அமியாட்டினஸ் ஏடு' என்று இதற்குப் பெயர்.

புத்தகத்தின் தொடக்கத்தில் ஒரு காணிக்கைப் பாட்டு இருக்கிறது. யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது என்பதைச் சொல்லும் பாட்டு. உற்றுப் பார்த்தால், அதில் சில சொற்கள் மட்டும் கத்தியால் சுரண்டப்பட்டிருப்பது தெரியும். சுரண்டிய இடத்தில் வேறொருவர் கையெழுத்து; வேறொருவர் பெயர். லம்பார்டியரான பீட்டர் என்ற மடாதிபதி கொடுத்த காணிக்கை என்று இப்போது அது சொல்கிறது.

அப்படியானால், முதலில் அங்கே இருந்த பெயர் யாருடையது? ஏறக்குறைய ஆயிரம் வருஷம் இது யாருக்கும் தெரியாத ரகசியமாக இருந்தது. ரகசியம் வெளிப்பட்டபோது, மறந்துபோன ஒரு பெரிய மனிதரின் உழைப்பும் வெளிச்சத்துக்கு வந்தது. அவர்தான் சியோல்பிரித்.

மாவு சலித்த பாதிரியார்

சுமார் கி.பி. 642-ல், இங்கிலாந்தின் வடபகுதியான நார்தம்பிரியாவில் பிறந்தவர் சியோல்பிரித். அந்தக் காலத்தில் இங்கிலாந்து ஒரே நாடாக இல்லை. பல சிறு ராஜ்யங்கள், ஓயாத சண்டைகள். கிறிஸ்தவ சமயம் அங்கே வேரூன்றி இரண்டு தலைமுறைகூட ஆகவில்லை. சியோல்பிரித்தின் குடும்பம் பெரிய இடம். வாளேந்தி அரசனிடம் சேர்ந்திருந்தால் நிலமும் செல்வமும் கிடைத்திருக்கும். ஆனால் பதினெட்டு வயதில் அவர் மடத்தில் சேர்ந்தார்.

முதலில் சேர்ந்தது கில்லிங் என்ற ஊரிலுள்ள மடத்தில். பிறகு ரிப்பன் நகர மடத்துக்குப் போனார். சென்னையிலுள்ள ரிப்பன் மாளிகைக்குப் பெயர் தந்த ரிப்பன் பிரபுவின் பட்டத்தில் இருப்பது இதே ஊர்தான். அங்கே 27-வது வயதில் குருப்பட்டம் பெற்றார்.

குருவான பிறகு அவர் பார்த்த வேலை என்ன தெரியுமா? மடத்து ரொட்டிச் சூளை! மாவு சலிப்பது, அடுப்பு மூட்டுவது, சாம்பல் அள்ளுவது, ரொட்டி சுடுவது எல்லாம் அவர் பொறுப்பு. படித்தவர், பிரபு குலத்தவர், பூசை செய்யும் குரு என்ற எந்தக் கௌரவமும் அவரைத் தடுக்கவில்லை. வேலைக்கு இடையே வேதத்தையும் குருவுக்குரிய சடங்குகளையும் கற்றுக்கொண்டே இருந்தார்.

பதவி என்றால் அவருக்கு வெறுப்பு. பெனடிக்ட் பிஸ்காப் என்ற பெரியவர் 674-ல், வியர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் வியர்மவுத் என்ற மடத்தை நிறுவினார். அரசன் எக்பிரித் அதற்கு நிலம் தந்தான். துணைக்கு வரும்படி பெனடிக்ட் அழைத்தது சியோல்பிரித்தைத்தான். போனார். பெனடிக்ட் வெளியூர் செல்லும்போதெல்லாம் மடத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. மடத்தின் கட்டுப்பாட்டைப் பொறுக்கமாட்டாத சில பிரபுக்கள் இவரைப் படாத பாடு படுத்தினார்கள். ஒரு நாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரிப்பனுக்கே திரும்பிவிட்டார்! பெனடிக்ட் தேடிப் போய் மன்றாடித்தான் அழைத்து வந்தார்.

இருவர் பாடிய கோயில்

பெனடிக்டுக்குப் புத்தகம் என்றால் உயிர். ரோமாபுரிக்குப் பலமுறை போய்ப் புத்தகங்களும் படங்களும் வாங்கி வந்தவர். கோயிலுக்குக் கண்ணாடி ஜன்னல் வைக்கப் பிரெஞ்சு நாட்டுப் பக்கமிருந்து ஆட்களை வரவழைத்தார். ஒரு பயணத்தில் சியோல்பிரித்தையும் கூட அழைத்துப் போனார். அப்போது இளைஞர் சியோல்பிரித்துக்கு ரோமாபுரியின் மீது ஏற்பட்ட பற்று, கடைசி மூச்சு வரை விடவில்லை.

திரும்பி வந்ததும் பெனடிக்ட் இரண்டாவது மடம் ஒன்றை ஜாரோ என்ற இடத்தில் அமைத்தார். அதற்குத் தலைவராகச் சியோல்பிரித்தை நியமித்தார். 685-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி ஜாரோ கோயில் அர்ப்பணம் செய்யப்பட்டது. அந்த நாளைக் குறிக்கும் கல்வெட்டு இன்றும் அந்தக் கோயிலில் இருக்கிறது. அரசன் பெயரோடு, மடாதிபதி சியோல்பிரித்தின் பெயரும் அதில் வெட்டப்பட்டிருக்கிறது.

மறு வருஷம் கொள்ளை நோய் வந்தது. ஜாரோ மடத்தில் ஒருவர் பின் ஒருவராக மாண்டார்கள். பாடவும் படிக்கவும் தெரிந்தவர்களில் மிஞ்சியது இரண்டே பேர். ஒருவர் சியோல்பிரித், மற்றவன் அவர் வளர்த்து வந்த ஒரு சிறுவன்.

மடத்தில் பகலும் இரவும் குறித்த நேரங்களில் சங்கீதங்களைப் பாட வேண்டும். இரண்டு அணிகளாகப் பிரிந்து, ஓர் அணி பாட, மற்ற அணி பல்லவி எடுக்க வேண்டும். இரண்டு பேரை வைத்துக்கொண்டு எப்படிப் பாடுவது? பெரும்பாலான வேளைகளில் பல்லவியை விட்டுவிடலாம் என்று மடாதிபதி முடிவு செய்தார். ஒரு வாரம் அப்படியே நடந்தது. குறைபட்ட பாட்டைக் கேட்கக் கேட்க அவருக்குக் கண்ணீர் பெருகியது. மனம் தாளவில்லை. பழைய முறையே நடக்கட்டும் என்று மாற்றினார். புதியவர்கள் வந்து பாடப் பழகும் வரை, அந்தப் பெரிய கோயிலில் ஒரு பெரியவரும் ஒரு சிறுவனுமாக முழு வழிபாட்டையும் சிரமப்பட்டு நடத்தினார்கள்.

அந்தச் சிறுவன் யார்? பிற்காலத்தில் இங்கிலாந்தின் முதல் பெரிய சரித்திர ஆசிரியராக விளங்கிய பீட்தான் அது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். ஏழு வயதில் மடத்தில் ஒப்படைக்கப்பட்ட பீட், சியோல்பிரித்திடம் வளர்ந்தவர். 731-ல் அவர் எழுதி முடித்த ஆங்கிலத் திருச்சபை சரித்திரம் இல்லாவிட்டால், அந்தக் கால இங்கிலாந்தைப் பற்றி நமக்குத் தெரிந்திருப்பது மிகக் கொஞ்சம்.

மூன்று பைபிள்கள்

688-ல் பெனடிக்ட் நோயில் படுத்துவிட்டார். இரண்டு மடங்களுக்கும் சியோல்பிரித்தே தலைவரானார். 28 வருஷம் அந்தப் பொறுப்பைச் சுமந்தார். பெனடிக்ட் சேர்த்து வைத்த நூல் நிலையத்தை இரு மடங்காக்கினார். பிக்ட் இனத்து அரசன் நெக்தன், ஈஸ்டர் பண்டிகையைக் கணிக்கும் முறை பற்றி விளக்கம் கேட்டு ஆள் அனுப்பியபோது, நீண்ட கடிதம் எழுதி அனுப்பினார். கற்கோயில் கட்ட அவன் கேட்ட சிற்பிகளையும் அனுப்பி வைத்தார்.

ஆனால் அவர் செய்தவற்றுள் மகத்தானது வேறு. ஒன்றல்ல, மூன்று முழு பைபிள்கள் எழுதச் செய்தார்.

இதில் என்ன அதிசயம் என்று இன்று தோன்றலாம். பைபிள் இப்போது சட்டைப் பையில் அடங்குகிறது. அந்தக் காலத்தில் அச்சு கிடையாது. காகிதமும் அங்கே கிடையாது. பைபிளைப் பல பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனிப் புத்தகங்களாகவே வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் ஒரே புத்தகமாகக் கட்டுவது அபூர்வம். ரோமாபுரியிலிருந்து வந்த அப்படிப்பட்ட பெரிய பைபிள் ஒன்று மடத்தில் இருந்தது. அதில் இருந்தது பழைய மொழிபெயர்ப்பு. புனித ஜெரோம் செய்த மொழிபெயர்ப்பில் புதிதாக மூன்று பைபிள்கள் எழுத வேண்டும் என்று சியோல்பிரித் திட்டமிட்டார். வியர்மவுத்துக்கு ஒன்று, ஜாரோவுக்கு ஒன்று. வேதத்தில் எந்த அதிகாரத்தைப் படிக்க விரும்புகிறவரும் தேடி அலையாமல் உடனே எடுத்துப் படிக்க வேண்டும் என்பது நோக்கம்.

இதற்கு எவ்வளவு பொருள் வேண்டும்? ஒரு கன்றின் தோலிலிருந்து இந்த அளவில் இரண்டு ஏடுகள் எடுக்கலாம். அப்படியானால் ஒரு பைபிளுக்கு ஐந்நூறுக்கு மேற்பட்ட தோல்கள். மூன்றுக்கும் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல்! தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊற வைத்து, மயிர் நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுரண்டி மெல்லியதாக்கி, உலர்த்த வேண்டும். பிறகு கோடு போட்டு, இறகுப் பேனாவால் எழுத வேண்டும். நமக்குக் கிடைத்திருக்கும் பைபிளில் குறைந்தது ஏழு பேருடைய கையெழுத்துகளைப் பிரித்துக் கண்டிருக்கிறார்கள். பனி நாட்டின் குளிரில் விரல் விறைக்க விறைக்க எழுதிய எழுத்து. ஆனால் வரிகளில் அந்தச் சிரமம் தெரியாது. இத்தாலியப் பாணியில், வட்டமான பெரிய எழுத்துகள்; பக்கத்துக்கு இரண்டு பத்திகள்.

படங்களும் உண்டு. அவற்றுள் புகழ்பெற்றது எஸ்ரா படம். யூதர்களின் வேதம் பகைவரால் எரிக்கப்பட்டபோது அதைத் திரும்ப எழுதித் தந்தவர் எஸ்ரா என்பது பழைய நம்பிக்கை. படத்தில் அவர் ஆசனத்தில் அமர்ந்து, மடியில் புத்தகத்தை விரித்து எழுதிக்கொண்டிருக்கிறார். பின்னால் கதவு திறந்த ஓர் அலமாரி. அதில் ஒன்பது புத்தகங்கள். கீழே மைக் கூடும் எழுது கருவிகளும் கிடக்கின்றன. சிவப்பும் நீலமும் தங்கமுமாக, இன்னும் நிறம் மங்கவில்லை.

74 வயதில் பயணம்

இரண்டு பைபிள்கள் இரண்டு மடங்களுக்கு. மூன்றாவது? அதை ரோமாபுரியில் புனித பீட்டருக்குக் காணிக்கையாகக் கொடுக்கத் தீர்மானித்தார் சியோல்பிரித். தங்கள் தேசத்துக்குச் சமயமும் புத்தகமும் வந்தது ரோமாபுரியிலிருந்து. வாங்கிய கையே இப்போது கொடுக்க விரும்பியது. உலகத்தின் ஒரு கோடியிலிருந்து, ஆங்கிலேயரின் எல்லை நாட்டிலிருந்து, மடாதிபதி சியோல்பிரித் அன்போடு அனுப்பும் காணிக்கை என்ற கருத்தில் ஒரு பாட்டு இயற்றப்பட்டு, புத்தகத்தின் தொடக்கத்தில் எழுதப்பட்டது.

அனுப்புவதோடு அவர் நிற்கவில்லை. தாமே எடுத்துக்கொண்டு புறப்பட்டார்! அப்போது வயது 74. இளமையில் பார்த்த ரோமாபுரியிலேயே உயிர் விட வேண்டும் என்பது ஆசை. முதுமை காரணமாக மடத்தை முன்போல் நடத்த முடியவில்லை. இளையவர் ஒருவர் வரட்டும் என்றும் எண்ணினார்.

இந்த முடிவை அவர் கடைசி நேரம் வரை வெளியிடவில்லை. தெரிந்தால் நண்பர்களும் பிரபுக்களும் வழிச் செலவுக்குப் பணமும் பரிசும் கொண்டு வந்து குவிப்பார்கள். அவற்றுக்குக் கைம்மாறு செய்யத் தமக்கு நேரம் இருக்காது என்று கவலைப்பட்டார். துறவிகள் முழந்தாளிட்டு மன்றாடினார்கள். அவர் மனம் மாறவில்லை.

716-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி காலை. பூசை முடிந்தது. மடாதிபதி தூபம் காட்டி, பீடத்தின் படியில் நின்று, எல்லோருக்கும் சமாதான முத்தம் கொடுத்தார். பிரார்த்தனை நடுவே அழுகை குறுக்கிட்டது. ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார், எல்லோரையும் மன்னித்தார். எல்லோரும் ஆற்றங்கரைக்கு நடந்தார்கள். மெழுகுவத்திகளும் பொற்சிலுவையும் ஏந்திய துணைக் குருக்களோடு படகில் ஏறினார். அக்கரை சேர்ந்ததும் சிலுவையை வணங்கிவிட்டுக் குதிரை மீது ஏறினார். சுமார் 600 துறவிகளை விட்டுச் சென்றார். 30 வருஷத்துக்கு முன் பல்லவி எடுக்க ஒரு சிறுவன் மட்டும் மிஞ்சிய மடம் அது!

அந்தச் சிறுவன் இப்போது நாற்பது வயதைத் தாண்டிய பேரறிஞர். வேதத்துக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்தார். குருவின் எதிர்பாராத பிரிவால் மனம் கலங்கி, தொடர்ந்து எழுத முடியாமல் நிறுத்திவிட்டதாகப் பிறகு அவரே குறித்து வைத்திருக்கிறார்.

புதிய மடாதிபதியாக ஹ்வாட்பெர்ட் தேர்ந்தெடுக்கப்பட்டார். கப்பலுக்காகக் காத்திருந்த சியோல்பிரித்தை அவர் தேடிப் போய், போப்பாண்டவருக்கு ஒரு கடிதமும் கொடுத்து ஆசி பெற்றுத் திரும்பினார். ஜூலை 4-ந் தேதி கப்பல் ஏறினார் சியோல்பிரித். ஆகஸ்ட் 12-ந் தேதி பிரெஞ்சுக் கரையில் இறங்கினார். கூட வந்தவர்கள் சுமார் 80 பேர். வழி நெடுக, கடலிலும் நோயிலும்கூட, அவர் அன்றாடப் பூசையைச் செய்துவந்தார். விட்டது கடலில் ஒரு நாள். கடைசி நான்கு நாட்கள். அவ்வளவுதான். நடை தளர்ந்ததும் குதிரைகள் சுமக்கும் பல்லக்கில் படுத்தபடி பயணம் தொடர்ந்தது.

செப்டம்பர் 25-ந் தேதி காலை சுமார் ஒன்பது மணிக்கு லாங்கர் என்ற ஊரை அடைந்தார்கள். அன்று மாலை நான்கு மணிக்குச் சியோல்பிரித் காலமானார். மடத்தைவிட்டுப் புறப்பட்டு 114-வது நாள். ரோமாபுரி இன்னும் வெகு தூரத்தில் இருந்தது.

ஊருக்கு வெளியே ஒரு மடத்துக் கோயிலில் அவரை அடக்கம் செய்தார்கள். கூட வந்தவர்கள் மூன்று பிரிவானார்கள். சிலர் துக்கச் செய்தியோடு ஊர் திரும்பினார்கள். சிலர் காணிக்கையை எடுத்துக்கொண்டு ரோமாபுரிக்கு நடந்தார்கள். சிலர், பாஷை தெரியாத அந்த ஊரிலேயே, குருவின் சமாதிக்குப் பக்கத்தில் தங்கிவிட்டார்கள். போப் இரண்டாம் கிரகோரி எழுதிய பதில் கடிதம் பின்னர் வியர்மவுத் மடத்துக்கு வந்து சேர்ந்தது.

பெயர் மாறியது

அதன் பிறகு பைபிளின் பாதை இருட்டில் மறைகிறது. அடுத்து அது தென்படும் இடம், இத்தாலியில் அமியாட்டா மலை மீதுள்ள சான் சால்வதோரே மடம். எப்படி அங்கே போயிற்று என்பதற்குச் சான்று இல்லை. அந்த மடத்துக்குத் தலைவராக இருந்த பீட்டர் காலத்தில்தான் காணிக்கைப் பாட்டில் கத்தி வைக்கப்பட்டது. சியோல்பிரித்தின் பெயர் போயிற்று. ஆங்கிலேயர் என்ற சொல் போயிற்று. புனித பீட்டருக்கு என்றிருந்தது, அமியாட்டா மடத்துக்கு என்று மாறியது. மாற்றியவருக்கு யாப்பு தெரியாது போலும்! புதிய சொற்கள் பாட்டின் ஓசையைக் கெடுத்துவிட்டன.

அங்கே இங்கிலாந்தில், 794-ல் வைக்கிங் கொள்ளைக்காரர்கள் ஜாரோவைத் தாக்கினார்கள். அடுத்த நூற்றாண்டில் இரண்டு மடங்களும் பாழடைந்தன. மற்ற இரண்டு பைபிள்களும் சிதறின. அவற்றில் ஒன்றின் ஏடுகளைப் பிற்காலத்தில் பிரித்து, ஒரு ஜமீன் குடும்பத்தின் நிலக் கணக்குகளுக்கு மேலுறையாகப் போட்டிருந்தார்கள்! ஓர் ஏடு நியூகாஸில் நகரத்துக் கடை ஒன்றில் அகப்பட்டது. அதை அறிவித்த ஆண்டு 1909. எல்லாம் சேர்த்துச் சுமார் ஒரு டஜன் ஏடுகளே மிஞ்சின. கொடுத்துவிட்ட பைபிள்தான் முழுதாகப் பிழைத்தது.

1587-ல், பைபிளின் திருத்தமான பதிப்பு தயாரிக்க ஆதாரம் தேடியபோது, அமியாட்டா ஏட்டை ரோமாபுரிக்கு வரவழைத்தார்கள். மூலத்துக்கு மிக நெருங்கிய பாடம் இதுதான் என்று மதித்தார்கள். ஆனால் கொடுத்தவர் யார் என்பது அப்போதும் தெரியாது. மடம் மூடப்பட்ட பிறகு, 1780-களில் புத்தகம் பிளாரன்ஸுக்கு வந்தது. எழுத்தின் அழகைக் கண்ட அறிஞர்கள் இதை இத்தாலியர் கைவேலை என்றே நம்பினார்கள். நாகரிகம் எட்டாத ஒரு மூலையில் இவ்வளவு அருமையான லத்தீன் எழுத்தை எழுதியிருக்க முடியும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

துப்புத் துலங்கியது

1880-களில் டி ரோஸ்ஸி என்ற இத்தாலிய ஆராய்ச்சியாளர், சுரண்டிய இடத்தில் மிஞ்சிய அடையாளங்களையும் பாட்டின் ஓசையையும் வைத்துக் கணக்குப் போட்டார். அங்கே நின்றிருக்க வேண்டிய பெயர் சியோல்பிரித் என்று அறிவித்தார். ஆனால் அடுத்த சொல்லை அவர் ஊகித்தது சற்றுப் பிசகியது. ஹார்ட் என்ற ஆங்கில அறிஞர் முடிவான சாட்சியைக் கொண்டு வந்தார்.

அந்தச் சாட்சி எது? சியோல்பிரித் இறந்த பின் அவருடைய மடத்துத் துறவி ஒருவர் குருவின் வாழ்க்கையை எழுதி வைத்திருந்தார். தம் பெயரை அவர் குறிப்பிடவில்லை. ரொட்டி சுட்டது, இருவராகப் பாடியது, ஆற்றைக் கடந்தது எல்லாம் அதில் இருந்தன. கூடவே, குரு கொண்டு போன பைபிளில் எழுதியிருந்த காணிக்கைப் பாட்டையும் அப்படியே பிரதி செய்து வைத்திருந்தார். சுரண்டாத பாட்டு! இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும், ஆயிரம் வருஷத்து மறைப்பு நீங்கியது.

2018-ம் ஆண்டு லண்டனில் பிரிட்டிஷ் நூலகம் நடத்திய பொருட்காட்சிக்கு அந்தப் பைபிள் பிளாரன்ஸிலிருந்து வந்தது. 1,302 வருஷத்துக்குப் பிறகு, தான் பிறந்த நாட்டின் மண்ணை மிதித்தது. பொருட்காட்சி முடிந்ததும் இத்தாலிக்குத் திரும்பிவிட்டது.

அந்தப் பக்கத்தில் இன்றும் பீட்டரின் பெயர்தான் இருக்கிறது. யாரும் அதை அழிக்கவில்லை. அழிக்க வேண்டியதும் இல்லை. பதவியை உதறிவிட்டு ரிப்பனுக்குத் திரும்பியவர், வழிச் செலவுக்குப் பரிசு வாங்கக் கூசியவர், தம் பெயர் போனதற்கு வருந்தியிருப்பாரா என்பது சந்தேகமே. ஆனால் அவருடைய சீடர் ஒருவர் வருந்தியிருப்பார். குருவின் கதையைப் பாட்டு உட்பட எழுதி வைத்தாரே, தம் பெயரை எழுதாத அந்தச் சீடரால்தான் சியோல்பிரித்தின் பெயர் பிழைத்தது.